ஒரு மனையில் பெய்த மழை

நுழையும்முன்

பெரும்பொழுதுகள் ஆறு என்று தமிழ் வகுத்தது. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். குளிரும் மழையும் ஒன்றாக வந்து சேரும் காலம் அது. 2015ஆம் ஆண்டின் கூதிர்க்காலத்தில், சென்னையின் தென்மேற்குப் புறநகரான தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் கடந்துசென்ற ஒரு வாரத்தைப் பற்றியது இப்பாடம். மழை எவ்வளவு பெய்தது, அந்நீர் எங்கே செல்ல முயன்றது, ஏன் செல்ல முடியவில்லை என்பவற்றை இது ஆராய்கிறது.

கூதிரின் இயல்பு

வட இந்தியாவில் குளிர்காலத்தின் தொடக்கம் வறண்டது. வானம் தெளிந்திருக்கும், பனிமூட்டம் படியும். தமிழகக் கடற்கரையில் அதே நாள்கள் ஆண்டின் மிக ஈரமான நாள்களாக அமைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கிய பிறகு, காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வங்கக் கடலின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பைக் கடந்து வரும் அக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு கரையேறுகிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்திலேயே பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இதன் பங்கு இன்னும் மிகுதி.

இப்பருவ மழை நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை ஒன்று உருவாகும். இரண்டு மூன்று நாள் கொட்டும். பின்னர் வெயில் எட்டிப்பார்க்கும். அடுத்த தாழ்வுநிலை வரும்வரை இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நிலம் உலர்கிறது, ஏரி வடிகிறது, மக்கள் துணி காயவைக்கிறார்கள். மழையின் அளவைப் போலவே இடைவெளியின் அளவும் முதன்மையானது. மழையைப் பற்றிப் பேசும்போது இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. நக்கீரர் அதில் காட்டும் கூதிர்க்காலக் காட்சிகள் பலவும் மிக நுட்பமானவை. மழை விடாது பெய்கிறது. ஆடுமாடு மேய்ப்போர் தாழ்நிலத்தை வெறுத்து, தம் நிரைகளை ஓட்டிக்கொண்டு வேறு நிலம் செல்கின்றனர். குளிரில் நடுங்கிக் கைகளை நெருப்பில் காய்ச்சிக்கொள்கின்றனர். கதிரவன் தெரியாததால் ஊரில் மாலைப்பொழுது வந்ததை அறிய வழியில்லை. பிச்சி அரும்பு மலரும் நேரத்தைக் கொண்டு பெண்கள் மாலையை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். மாடத்துப் புறாக்களுக்கோ இரவு எது, பகல் எது என்றே புரியவில்லை.

இக்காட்சிகளை இலக்கியச் சுவைக்காகப் படிப்பது ஒருபுறம் இருக்கட்டும். முதற்காட்சியில் உள்ள செய்தி எளிமையானது: மழைக்காலத்தில் தாழ்நிலம் நீருக்கு உரியது, மனிதர் அதை விட்டு விலகிச் செல்கின்றனர். இருந்த இடத்திலிருந்து பெயர்ந்து செல்ல முடிந்த வாழ்க்கை அவர்களுடையது. வங்கிக் கடனில் வாங்கிய மனையில், சுற்றுச்சுவர் எழுப்பி வாழும் குடும்பத்தால் அவ்வாறு பெயர முடியாது.

ஏரிகளின் நாடு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரிகள் மாவட்டம்' என்று அழைப்பர். அங்கே பெரிய ஆறுகள் குறைவு. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இல்லை. ஆகவே, சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கினர் முன்னோர். மேலே உள்ள ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே உபரிநீர் வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியை அடையும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. இவ்வாறு தொடர்ந்து, கடைசி ஏரியின் உபரிநீர் ஆற்றில் கலக்கும். ஏரியின் மதகு வயலுக்கு நீர்விடும் வாயில். கலங்கல் மிகுநீரை வெளியேற்றும் வாயில். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை அறிந்தால் இப்பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

ஊர்ப்பெயர்களிலும் இந்த அமைப்பு பதிந்துள்ளது. 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என்று சென்னையைச் சுற்றியுள்ள ஊர்கள் நீரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பல ஊர்களில் தாங்கல் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் பேருந்தின் பலகையில் உள்ளது.

அடையாற்றின் தொடக்கமும் இத்தகைய ஏரிகளில்தான். தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் ஆகிய ஊர்களின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் சேர்ந்து அடையாறாகிறது. அது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் ஓரமாகச் சென்று, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் ஏற்றுக்கொள்கிறது. பின்னர் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியே கடலை அடைகிறது. மொத்த நீளம் 42 கிலோமீட்டர் அளவே. சிறிய ஆறுதான். ஆண்டின் பெரும்பகுதியில் அதனை ஆறு என்று சொல்லவே தயங்குவார்கள்.

தாம்பரம் வளர்ந்தது இருப்புப்பாதையால். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். நகரில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கைமுறை அதனோடு வேரூன்றியது. பிற்காலத்தில் நகரத்து நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, நடுத்தரக் குடும்பங்கள் இன்னும் உள்ளே சென்று, பெருங்களத்தூருக்கும் முடிச்சூருக்கும் அப்பால் மனை வாங்கின. அம்மனைகளில் பல, ஏரியின் கீழ் பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்கள். வயல் மறைந்ததும் மதகைத் திறக்க ஆளில்லை. கால்வாயைத் தூர்வார வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. சம்பாப் பயிருக்காக நீர் இறங்கிய ஏரியில் அடுத்த மழைக்கு இடம் இருந்தது. பயிரே இல்லாத ஏரியோ நிரம்பியது நிரம்பியபடி நிற்கிறது. அடுத்த மழை முழுவதும் கலங்கலைத் தாண்டிக் குடியிருப்புக்குள் வருகிறது.

மழைக்கு முந்தைய மழை

2015 நவம்பர் மாதம் முழுவதும் வங்கக் கடல் ஓயவில்லை. அவ்வாண்டு பசிபிக் பெருங்கடலில் எல் நினோ நிலை வலுவாக இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகுவது அறிவியலாளர் கண்ட பொதுப்போக்கு. நவம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. நடுப்பகுதியில் அடுத்தது வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அம்மாதம் பதிவான மழை 1049 மில்லிமீட்டர். 1918ஆம் ஆண்டு நவம்பருக்குப் பிறகு அவ்வளவு மழை அங்கு எந்த நவம்பரிலும் பெய்ததில்லை.

நவம்பர் நடுப்பகுதியிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நீர் புகுந்தது. ஹெலிகாப்டர்களும் படகுகளும் மக்களை மீட்டன. நீர் வடிந்ததும் மக்கள் திரும்பி வந்தனர். சேற்றை அள்ளினர், மெத்தையை வெயிலில் போட்டனர், குளிர்பதனப் பெட்டியைப் பழுதுபார்க்க ஆள் தேடினர். அக்குடும்பங்கள் அனைத்துக்கும் ஒரே எண்ணம்: இந்த ஆண்டுக்கான வெள்ளம் வந்துபோய்விட்டது.

நிலமோ வேறு நிலையில் இருந்தது. மண் ஒரு பஞ்சைப் போன்றது. நனைந்த பஞ்சின் மீது ஊற்றும் நீர் வழிந்தோடும். ஏரிகள் நிரம்பியிருந்தன. கிணறுகள் கைக்கெட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தன. மாதக் கடைசியில் கிடைத்த சில நாள் இடைவெளி ஏரியில் இடம் உண்டாக்கப் போதவில்லை.

அந்த வாரம்

நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகைத் தீபம் முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. வங்கக் கடலில் மீண்டும் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. கனமழைக்கு வாய்ப்பு என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. அம்மாதம் எத்தனையோ முறை கேட்ட சொற்கள் அவை. கேட்டவர்கள் குடையைக் கதவருகே வைத்ததோடு நிறுத்திக்கொண்டனர். எச்சரிக்கை அடிக்கடி வந்தால் அதன் கூர்மை மழுங்கும். இது மக்களின் குறை என்று சொல்லிவிட இயலாது. 'கனமழை' என்ற ஒரு சொல்லால் ஏழு சென்டிமீட்டரையும் உணர்த்தலாம். ஐம்பதையும் பலர் அப்படியே புரிந்துகொள்ளலாம்.

திங்கள் கழிந்து, செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 1. அன்று பகல் முழுவதும் மழை பெய்தது. மேகக் கூட்டம் ஒன்று பொழிந்து நகர்வதற்குள், கடலிலிருந்து அடுத்தது அதே வழியில் வந்து சேர்ந்தது. நண்பகலில் வீடுகளில் விளக்கேற்றினர். மாலையில் தெருவும் வடிகாலும் ஒன்றாயின. முடிச்சூர்ச் சாலையிலும் புறவழிச்சாலை ஓரங்களிலும் நீர் ஏறியது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. முன்னிரவில் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக உயிரிழந்தன. தொடர்வண்டிகள் நின்றன. விமான நிலையம் மூடப்பட்டது. பகலெது இரவெது என்று மாடத்துப் புறா தடுமாறிய அந்தப் பழைய கூதிர் இரவு, மின்விளக்குகளை நம்பிய புறநகருக்கும் வந்துசேர்ந்தது. நேரம் பார்க்கக் கைப்பேசியில் மின்னேற்றம் இல்லை.

புதன்கிழமை காலை 8.30 மணிக்கு மழைமானிகளில் அளவெடுத்தனர். முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. நுங்கம்பாக்கத்தில் 29. தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட தூரம் நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டரே. அந்தத் தூரத்துக்குள் 20 சென்டிமீட்டர் வேறுபாடு. 'சென்னையில் மழை' என்று செய்தி சொல்லும்போது, அது யாருடைய மழை என்ற கேள்வி எழுகிறது. நகரின் நடுவிலுள்ள மழைமானி புறநகரின் துயரத்தை அளப்பதில்லை.

அதே புதன்கிழமை 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. அச்சகம் அமைந்திருந்த மறைமலைநகருக்கு ஊழியர்கள் சென்று சேர முடியாததே காரணம். 1878இல் தொடங்கிய நாளிதழ் அது. மறைமலைநகரும் ஒரு புறநகர்தான். நகரம் தன் அச்சகத்தையும் ஆலையையும் உறக்கத்தையும் புறநகரில் வைத்திருக்கிறது. வழி அறுபட்டால் இரண்டும் தனித்தனியே தவிக்கின்றன.

வியாழனும் வெள்ளியும் மாடிகளில் கழிந்தன. தரைத்தள வீட்டினர் மேல்வீட்டினரிடம் அடைக்கலம் புகுந்தனர். இதுவரை ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்திராத குடும்பங்கள் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சின. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருக்களில் அவற்றைச் செலுத்தினர். தாம்பரம் விமானப்படைத் தளம் மீட்புப் பணிக்கும் வானூர்திகளுக்கும் மையமாயிற்று. பால் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை பன்மடங்கு. நாற்புறமும் நீர், குடிக்க நீரில்லை என்பது அவ்விரு நாள்களில் உவமையாக இல்லாமல் நேர்ப்பொருளில் நிகழ்ந்தது.

சனிக்கிழமை நீர் வடிந்தது. தெருக்களில் சேறும், வாசல்களில் நனைந்த புத்தகங்களும் குவிந்தன. பள்ளிச் சான்றிதழ்களை இழந்த மாணவர் பலர். மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. அரையாண்டுத் தேர்வுகள் சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அப்பருவத்தின் மழை வெள்ளத்தில் மாநிலமெங்கும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுவர்களில் நீர் நின்ற உயரம் பழுப்புக் கோடாகப் பதிந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் ஒரு நாளின் மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அளவெடுத்த நாளின் பெயரிலேயே அது பதிவாகும். ஆகவே, டிசம்பர் 2 என்று பதிவான மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்தது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை என்பது இன்றைய வகைப்பாடு. தாம்பரத்தில் பதிவானது இந்தக் கடைசி எல்லையைப் போல இருமடங்குக்கும் மேல்.

ஒரு மனையின் கணக்கு

சென்டிமீட்டர் என்பது நீளத்தின் அளவு. நீரை அதனால் அளப்பது எப்படி என்ற ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பே. மழைநீர் எங்கும் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்நீர் சரியாக ஒரு லிட்டர்.

சென்னைப் புறநகரில் மனை விற்போரும் வாங்குவோரும் கையாளும் அளவு 'கிரவுண்டு'. ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி; அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். தாம்பரத்தில் அன்று பெய்த 490 மில்லிமீட்டரை 223ஆல் பெருக்கினால் 1,09,000 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு கிரவுண்டு மனையின் மீது, ஒரே நாளில் விழுந்த நீர் அது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பது தேவைப்படும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் என்று கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் போதும்.

ஐந்து மாதம் என்றால், டிசம்பரிலிருந்து மே மாதம் வரும். மே மாதத்தில் அதே தெருக்களில் தண்ணீர் லாரிக்குத் தொலைபேசியில் பதிவுசெய்து காத்திருப்பார்கள்.

இதற்கு இன்னும் கடுமையான சான்று ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஐம்பது கொள்கலன்கள், 25 இலட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். மேற்கண்ட கணக்கின்படி அது 23 மனைகளின் ஒரு நாள் மழை. இருபுறமும் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு சிறு தெருவின் அளவு.

ஆனால் இந்தக் கணக்கைக் கொண்டு அவசரமான முடிவுக்கு வருதல் ஆகாது. தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது, நல்ல திட்டம். எனினும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேகரிப்புக் குழி சரியாக இருந்திருந்தால் அந்த வெள்ளம் வந்திராது என்று மேடைகளில் சொல்லப்படுவது கணக்குக்கு ஒத்துவராது. இலட்சம் லிட்டரை ஒரே நாளில் உள்ளிழுக்கும் குழி எந்த மனையிலும் இல்லை. ஒரு மாதம் நனைந்த மண்ணில் இருக்கவும் முடியாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 49 கோடி லிட்டர் விழுந்த நாள் அது. ஏரிகள் அனைத்தும் பழைய நிலையில் இருந்திருந்தாலும் அன்று நீர் வழிந்தேயிருக்கும். ஏரித்தொடரின் பயன், நீரின் வேகத்தைத் தணித்து, ஒரே இரவில் வர வேண்டியதை மூன்று நான்கு நாள்களில் பகிர்ந்து அனுப்புவது. இடுப்பளவு நீருக்கும் கழுத்தளவு நீருக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தணிப்பில்தான் இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து டிசம்பர் 1 இரவில் நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது பற்றி நிறைய எழுதப்பட்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதில் அதன் பங்கு பெரிது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வினாவும் முறையானதே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்நீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேற்பக்கம் உள்ளவை. அங்கு வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துச் சிறிய ஏரிகளின் நீர். பெயர் பெற்ற ஏரிக்கு விசாரணை நடந்தது. பெயர் தெரியாத கலங்கல்களைப் பற்றிப் பேசியோர் சிலரே.

மேட்டைத் தேடி

நெடுநல்வாடையின் மேய்ப்போர் தாழ்நிலத்தை விட்டு அகன்றனர். புறநகரத்தார் மேட்டைத் தம் மனைக்கே வரவழைத்தனர். வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளின் அடித்தளம் தெருவைவிட மூன்றடி, நான்கடி உயர்ந்தது. பழைய வீடுகளை அடியில் வரிசையாக ஜாக்கிகள் வைத்து, சிறிது சிறிதாகத் திருகி, முழுக் கட்டடத்தையும் தூக்கி நிறுத்தும் தொழில் சென்னைப் புறநகரில் பரவியது. வீட்டினர் உள்ளே இருக்க, வீடு மேலே ஏறுகிறது. வியப்புக்குரிய பொறியியல்தான்.

தெருவும் சும்மா இருப்பதில்லை. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போடப்படும்போது, தெரு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. பழைய பரப்பை அகழ்ந்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று மாநில அரசு 2021இல் அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் வந்ததும் எல்லாச் சாலைகளும் மாறிவிடவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. நீருக்கு மேடு பள்ளம் என்பவை ஒப்பீடுகள். ஒரு மனை நான்கடி உயரும்போது, அம்மனையில் நின்றிருக்கக்கூடிய நீர் மறைந்துவிடுவதில்லை. அடுத்த மனைக்குச் செல்கிறது. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தப் பல இலட்சம் செலவாகும். அப்பணம் உள்ளவரின் வீடு மேடாகிறது. இல்லாதவர் இருந்த இடத்திலேயே இருந்து பள்ளத்துக்குப் போகிறார். ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், வாடகைக்குக் குடியிருப்போர், தெருக்கோடியில் ஓலைக்கூரை வேய்ந்தோர் இவ்வாறு பள்ளத்தில் சேர்கின்றனர். தெரு முழுவதும் சேர்ந்து ஒரே வடிகாலுக்காகக் கேட்க வேண்டிய இடத்தில், வீட்டுக்கு வீடு தனித்தனியே உயர்கிறது.

அரசும் சில பணிகளைச் செய்தது. அடையாறு அகலப்படுத்தப்பட்டது, உபரிநீரைக் கொண்டுசெல்ல மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்து சென்றபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மீண்டும் நீர் சூழ்ந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கார்த்திகை, அதே தெருக்கள்.

வருவாய்த் துறையின் புல வரைபடங்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் உள்ளன. அவற்றில் வயல்களின் எல்லைக்கு இடையே வாய்க்கால்கள் இணைகோடுகளாகச் செல்வதைக் காணலாம். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் எந்தப் புல எண் ஏரி, எது ஓடை, எது வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். மனை வாங்குவோர் பத்திரத்தைப் பார்க்கின்றனர். வில்லங்கச் சான்று எடுக்கின்றனர். வங்கி அலுவலரும் வழக்கறிஞரும் சரிபார்க்கின்றனர். பக்கத்துப் புல எண்ணில் வாய்க்கால் உண்டா, அது இன்று தெருவாகியிருக்கிறதா என்று அந்த வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர் குறைவு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் அதன் படி கிடைக்கும். மார்கழி பிறந்து, மழை ஓய்ந்து, புறநகரின் காலிமனைகளில் பனி இறங்கும் நாள்களில் மனை விற்பனை மீண்டும் தொடங்குகிறது. அப்போது நிலம் காய்ந்து, மட்டமாக, கொடிகள் கட்டிய விளம்பரப் பலகையோடு காட்சி தருகிறது. இணைகோடுகள் வரைபடத்தில் மட்டும் இருக்கின்றன.